பேரிஜம் ஏரி: ஒரே இடம், ஆறு பெரும்பொழுது, நாற்பத்திரண்டு படங்கள்

கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், 2,100 மீட்டருக்கும் மேலான உயரத்தில், காட்டுக்குள் இருக்கிறது பேரிஜம் ஏரி. மண் அணை கட்டித் தேக்கப்பட்ட இந்த நீர் மலைக்குக் கீழே உள்ள பெரியகுளத்துக்குக் குடிநீராகப் போகிறது. நகரத்து ஏரியைப் போலப் படகுகளோ, சோளம் சுடும் கடைகளோ இங்கு இல்லை. வனத்துறையிடம் அன்றன்றைக்கு அனுமதி பெற்ற குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வண்டிகள் மட்டும் காலையில் உள்ளே போய்ப் பிற்பகலுக்குள் திரும்பிவிட வேண்டும். இந்த ஏரியை 2018 ஆவணி முதல் 2019 ஆடி வரை, ஆறு பெரும்பொழுதுகளிலும் ஒரே இடத்தில் நின்று, 180 பாகையை உள்ளடக்கும் அகலப் படமாக எடுப்பது என்று தீர்மானித்தேன். அதற்காகச் செய்த கருவியையும், செய்த பிழைகளையும், படங்களை ஒட்டிய முறையையும் இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இயற்கைக் காட்சிகளை விடியலிலும் அந்தியிலும்தான் எடுக்க வேண்டும் என்பது படக்காரர்கள் எல்லோரும் அறிந்த பாடம். பேரிஜத்தில் அந்த இரு வேளைகளிலும் வெளியார் இருக்க முடியாது. பழைய பொருளிலக்கணம் குறிஞ்சித் திணைக்கு யாமத்தைச் சிறுபொழுதாக வகுத்திருக்கிறது; வனத்துறையின் இலக்கணத்தில் அதற்கு இடமில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் நண்பகல் 12 மணியை ஒட்டியே எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். அழகுக்கு அது கேடான வேளைதான் என்றாலும், ஒப்பிடுவதற்கு அதைவிட நேர்மையான வேளை கிடையாது. கொடைக்கானல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருப்பதால், சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியின் முதல் பாதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மார்கழியிலோ தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து 56 பாகை உயரத்தோடு நின்றுவிடுகிறது. ஆகஸ்ட் கடைசியில் மரத்தின் அடியிலேயே சுருண்டு கிடந்த நிழல் ஜனவரியில் வடக்கு நோக்கி நீண்டிருப்பதை, இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்தபோதுதான் கண்டேன். மணி மாறியிருந்தால் இந்த வேறுபாடு பருவத்தால் வந்ததா, வேளையால் வந்ததா என்று சொல்ல முடியாமல் போயிருக்கும்.

இனி கருவி. என்னிடம் இருந்தது 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு) உணரி கொண்ட கேமராவும், 24 மி.மீ. நிலைக்குவிய (ஜூம் இல்லாத) லென்ஸும். கேமராவை நிமிர்த்தி, அதாவது படத்தின் நீளவாட்டம் மேல்நோக்கி இருக்கும்படி வைத்தால், ஒரு படம் குறுக்கே 36 பாகையையும் நெடுக்கே 52 பாகையையும் அடக்குகிறது. ஒவ்வொரு படத்துக்கும் 25 பாகை திருப்பினால் அடுத்தடுத்த படங்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அப்படி ஏழு படங்கள் எடுத்தால் மொத்தம் 186 பாகை; ஒட்டி முடித்தபின் அகலம் சுமார் 20,000 பிக்சல். ஆறு பொழுதுக்கு ஏழேழு படமாக நாற்பத்திரண்டு. கணக்கு இவ்வளவு எளிதாக முடிந்ததே என்னை ஏமாற்றியது என்று இப்போது தோன்றுகிறது.

அகலப் படத்துக்குக் கேமராவைத் திருப்பும்போது, அது தன் அடியில் உள்ள திருகைச் சுற்றித் திரும்பக் கூடாது. லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை முன்புறமிருந்து பார்க்க எந்த இடத்தில் இருப்பதுபோல் தெரிகிறதோ, அந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் அருகில் உள்ள நாணலும் தொலைவில் உள்ள மரமும் படத்துக்குப் படம் ஒன்றையொன்று விலகி நிற்கும். ஒட்டும் இடத்தில் நாணல் இரண்டாகிவிடும். அக்கரையை மட்டும் எடுப்பவர் இதைப் பொருட்படுத்தாமல் இருக்கலாம். எனக்குக் கால்மாட்டுக் கரையும் வேண்டியிருந்ததால், கேமராவைப் பின்னுக்குத் தள்ளி வைக்கும் ஒரு சறுக்குப் பட்டை தேவைப்பட்டது. கடையில் கிடைப்பவற்றின் விலை லென்ஸின் விலையை நெருங்கியது. ஆகவே 12 மி.மீ. ஒட்டுப்பலகையை அறுத்து, நடுவே நீள்துளை போட்டு, நானே ஒன்று செய்துகொண்டேன்.

சரியான புள்ளியைக் கண்டுபிடிக்க வீட்டு மொட்டை மாடி போதும். ஒரு மீட்டர் தள்ளி ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்கு நேர் பின்னே தொலைவில் தெரியும் கைப்பேசிக் கோபுரத்தை வைத்துக்கொண்டேன். கேமராவை இடமும் வலமுமாகத் திருப்பும்போது நூலும் கோபுரமும் பிரியாமல் ஒட்டியே நகர்ந்தால் புள்ளி சரி. கேமராவை வலப்புறம் திருப்புகையில் நூல் கோபுரத்தைவிட்டு இடப்புறம் விலகினால், கேமரா இன்னும் பின்னே போக வேண்டும். அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராக நகர்த்தி ஒரு மாலை முழுதும் செலவிட்டு, கிடைத்த இடத்தில் பலகையில் கோடு கீறினேன். முக்காலியின் தலையில் 25 பாகைக்கு ஒரு கோடு அச்சிட்ட தாள் வளையத்தை ஒட்டினேன். அனுமதி வாங்கியபோதே முக்காலிக்குத் தடை உண்டா என்று கேட்டு, இல்லை என்று தெளிந்துகொண்டேன்.

முதல் பயணம் 2018 ஆகஸ்ட் கடைசியில், கார்காலத்தில். தொப்பித்தூக்கிப் பாறையையும் மதிகெட்டான் சோலையையும் தாண்டிப் போகும்போதே மூட்டம் சாலைக்கு இறங்கிவிட்டது. ஏரிக்கரையில் அது விலகக் காத்திருந்த இரண்டு மணி நேரத்தில், என் ஒட்டுப்பலகை நீர் குடித்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. நீள்துளையின் ஓரம் ஊதி மிருதுவாகி, திருகு பிடிப்பை இழந்து, ஒவ்வொரு திருப்பத்துக்கும் கேமராவின் மூக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. வீட்டுக்கு வந்து ஏழு படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், ஏரி படிக்கட்டு ஏறுவதுபோல் இருந்தது. ஒட்டும் மென்பொருளில் ஒவ்வொரு படத்தின் சாய்வையும் தனித்தனியே கணக்கிடச் செய்து அதைச் சீராக்க முடிந்தது. ஆனால் மேலும் கீழும் வெட்டியெறிந்தது போக 6,000 பிக்சல் உயரத்தில் 5,200 மட்டுமே மிஞ்சியது. ஆறு படங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதால், பின்னால் எடுத்த ஐந்தையும் அந்த அளவுக்கு வெட்ட வேண்டியதாயிற்று.

ஊர் திரும்பியதும் ஒரு லேத் பட்டறைக்குப் போய், 10 மி.மீ. தடிமனுள்ள அலுமினியப் பட்டையில் அதையே மறுபடி செய்துகொண்டேன். முக்காலியின் திருகு கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. பட்டறைக்காரர் முதலில் கையில் இருந்த, மரை வெட்டும் 6 மி.மீ. டேப்பை எடுத்தார். தடிமன் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் மரையின் இடைவெளி வேறு என்பதால், திருகு இரண்டு சுற்றுக்குமேல் ஏறாமல் இறுகிவிடும். முக்காலியின் திருகைக் கழற்றிக் கையோடு கொண்டுபோயிருந்தது நல்லதாயிற்று. இதைச் செய்ய முயல்பவர்கள் வாயால் அளவு சொல்லாமல் திருகையே கொண்டுபோய்க் காட்டுங்கள். இந்தப் பட்டை இன்றும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது.

படம் எடுக்கும் முறையில் ஒரு பயணத்துக்கும் அடுத்ததற்கும் எதையும் மாற்றவில்லை. துளை எஃப் 8, ஐஎஸ்ஓ 100, வெண்சமநிலை 5,200 கெல்வின், கைமுறைக் குவியம் எல்லாமே பூட்டியவை. வெளிச்சத்துக்கேற்ப ஷட்டர் வேகத்தை மட்டும் அந்தந்த நாளில் ஒருமுறை தீர்மானித்து, ஏழு படங்களுக்கும் அதையே வைத்தேன். தானியங்கி முறையில் விட்டால் மரநிழலுக்கு ஓர் ஒளி, திறந்த வானத்துக்கு ஓர் ஒளி என்று கேமரா தன் போக்கில் போய்விடும். நீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டேன். ஒரு படத்தில் அது அழகு சேர்க்கும். ஆனால் அதன் விளைவு சூரியனிடமிருந்து எத்தனை பாகை விலகிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுவதால், 180 பாகை வானத்தில் ஓரிடம் கருநீலமாகவும் மற்றோரிடம் வெளிறியும் தெரியும். பட்டை பட்டையான வானத்தை எந்த மென்பொருளாலும் ஒழுங்காக மீட்க முடிவதில்லை.

உண்மையான சிக்கல் இவற்றில் எதுவும் இல்லை. அதே இடத்துக்குத் திரும்பி வருவதுதான் சிக்கல். காட்டில் பாறைக்குச் சாயம் பூசுவதோ, முளை அடிப்பதோ கூடாது. கைப்பேசியின் இடங்காட்டி சில மீட்டர் வரை பிழைபடும். ஆகவே பழைய மீனவர்கள் கரையைப் பார்த்துக் கடலில் இடம் குறிப்பதுபோல இரண்டு கோடுகளை வைத்துக்கொண்டேன். இடப்புறம், பட்டுப்போன ஒரு பைன் மரத்தின் நுனி பின்னால் உள்ள இரண்டு குன்றுகளின் இடைவெளிக்கு நேராகத் தெரிய வேண்டும். வலப்புறம், ஒரு பாறையின் விளிம்பு அக்கரைப் புல்வெளியின் முனையைத் தொட வேண்டும். இரண்டும் ஒருசேர அமையும் இடம் ஒன்றே ஒன்றுதான். முதல் படத்தை அச்சிட்டு, அதில் இந்தக் கோடுகளைச் சிவப்பு மையால் குறித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப்போனேன்.

கூதிர்காலப் பயணம் இந்த ஏற்பாட்டைக் குலைத்துப்போட்டது. ஐப்பசியில் போனபோது ஏரிப்பக்கம் யானைகள் நிற்பதாகச் சொல்லிச் சோதனைச் சாவடியிலேயே வண்டிகளைத் திருப்பிவிட்டார்கள். அடுத்த பயணத்துக்கு நாள் குறித்திருந்தபோது, நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் திண்டுக்கல் மாவட்டத்தின் வழியே மேற்கு நோக்கிப் போயிற்று. கொடைக்கானல் மலையில் மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன. நான் மறுபடி ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கார்த்திகை முடியப்போகும் தறுவாய். இடக்கோட்டுக்கு வைத்திருந்த பைன் மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. வலக்கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால், நான் நிற்க வேண்டிய இடம் தண்ணீருக்குள் இருந்தது.

குடிநீர்த் தேக்கத்தின் கரை ஒரே இடத்தில் நிற்காது என்ற எளிய உண்மை எனக்கு ஆவணியிலேயே உறைத்திருக்க வேண்டும். நீருக்குள் முக்காலியை நடுவது முறையல்ல என்பதால், மிஞ்சியிருந்த வலக்கோட்டின் மேலேயே சுமார் நான்கு மீட்டர் பின்வாங்கி நின்று எடுத்தேன். எடுக்கும்போதே இந்தத் தொடர் கெட்டுப்போயிற்று என்ற எண்ணம்தான் இருந்தது. இரவில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது மனம் சற்று ஆறியது. என் படங்களில் பக்கவாட்டில் ஒரு மீட்டர் தவறி நின்றால், பத்து மீட்டர் தொலைவில் உள்ள புதர் 600 பிக்சலுக்கும் மேல் நகர்ந்துவிடும். அக்கரை 400 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அங்குள்ள மரம் நகர்வது 15 பிக்சல் மட்டுமே. ஆகவே அக்கரையையும் மலை முகட்டையும் ஆறு படங்களிலும் அசையாமல் பொருத்துவது, கால்மாட்டுக் கரையை அதன் போக்கில் விட்டுவிடுவது என்று அன்று முடிவு செய்தேன். தொடரின் வடிவம் அந்த முடிவில்தான் அமைந்தது. முன்னால் நீர் ஏறுகிறது, இறங்குகிறது, சேறு வெடிக்கிறது, புல் முளைக்கிறது. பின்னால் முகட்டின் கோடு இம்மியும் பிசகாமல் நிற்கிறது. எல்லாவற்றையும் அசையாமல் நிறுத்தியிருந்தால் இந்த ஓட்டம் கண்ணில் பட்டிருக்காது.

முன்பனிக்காலப் படத்தைத் தை மாதத்தில் எடுத்தேன். உறைபனியை எடுக்கும் ஆசையோடு போனேன். அனுமதி நேரத்தில் உள்ளே போய்ச் சேர்வதற்குள் வெயில் பட்ட இடமெல்லாம் அது உருகிப் போயிருந்தது. ஆனால் பனி கருக்கிய புல் கரை முழுதும் செம்பழுப்பாகக் கிடந்தது. காற்றே இல்லாத நாள். நீர் கண்ணாடியாக இருந்தது. அந்த ஒரு நாள்தான் மற்ற ஐந்து நாட்களின் படங்களையும் நேராக்கிக் கொடுத்தது.

அது எப்படி என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒட்டுவதற்கு நான் பயன்படுத்தியது ஹூகின் என்ற இலவச மென்பொருள். ஹெல்முட் டெர்ஷ் 1998-இல் வெளியிட்ட பனோரமா டூல்ஸ் நிரல்களின் மேல் கட்டப்பட்டது. இரண்டு படங்களில் ஒரே பொருள் எங்கெங்கே இருக்கிறது என்பதைப் புள்ளிகளாகக் குறித்தால், அது படங்களை வளைத்துத் திருப்பி ஒட்டித் தரும். ஒட்டிய படம் முழுதும் சாய்ந்திருந்தால் நிமிர்த்த, எது கிடைமட்டம், எது செங்குத்து என்று நாம்தான் காட்ட வேண்டும். ஏரியின் நீர்க்கோட்டைவிடச் சிறந்த கிடைமட்டம் உண்டா என்று எண்ணி, தொடக்கத்தில் அக்கரையின் நீர்விளிம்பைக் கிடைமட்டமாகக் குறித்தேன். படம் ஒருபக்கம் சாய்ந்து அலைபோல் நெளிந்தது. நீரின் மட்டம் கிடையானதுதான். ஆனால் கரை நமக்கு ஒரே தொலைவில் இல்லை. அருகே வரும் கரை படத்தில் தாழ்ந்தும், தொலைவில் போகும் கரை உயர்ந்தும் தெரிவதே இயல்பு. அதை வலுக்கட்டாயமாக நேர்க்கோடாக்கினால் உலகம் சாய்கிறது.

மரத்தண்டுகளைச் செங்குத்தாக எடுத்துக்கொள்ளலாமா என்றால், சரிவில் வளர்ந்த தைல மரமும் சீகையும் ஒன்றுகூட நேராக நிற்பதில்லை. விடை தை மாதத்து நீரில் இருந்தது. அசைவற்ற நீரில் ஒரு மரத்தின் நுனியும் அதன் பிம்பத்தின் நுனியும், மரம் எப்படிச் சாய்ந்திருந்தாலும், ஒன்றுக்கு நேர் கீழே மற்றொன்றாகவே அமையும். நுனியையும் பிம்பத்தையும் ஒரு செங்குத்துக் கோட்டின் இரு முனைகளாக ஹூகினில் குறித்தேன். ஏழு படங்களிலும் இப்படி இரண்டிரண்டு கோடுகள். கணக்கிடச் சொன்னதும் படம் தானே நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு அதை அச்சாக வைத்து, மற்ற ஐந்து பொழுதுகளின் படங்களையும் முகட்டின் பாறைகளிலும் பள்ளங்களிலும் மட்டும் புள்ளி வைத்து அதன்மேல் பொருத்தினேன். நீரின் மேல் ஒரு புள்ளியும் வைக்கவில்லை. மென்பொருள் தானாக அங்கே கண்டெடுத்த புள்ளிகளையும் ஒவ்வொன்றாக நீக்கினேன். அலையின் மின்னலை அது நிலையான பொருள் என்று நம்பிவிடுகிறது.

பின்பனியிலும் இளவேனிலிலும் சொல்லும்படியான சிக்கல் ஏதுமில்லை. பங்குனியில் வானம் தூசு படிந்து வெளிறியிருந்தது. சித்திரையில் நீர் நன்றாக இறங்கி, கார்த்திகையில் மூழ்கிக் கிடந்த என் பழைய இடத்துக்கு முன்னால் வெடித்த சேற்றுப் பட்டை ஒன்று தெரிந்தது; அதில் காட்டுமாடுகளின் குளம்புத் தடங்கள் நீர்விளிம்பு வரை போயிருந்தன. அகலப் படத்தில் ஆறு பாகைக்குள் அடங்கிவிடும் அந்தத் தடங்கள்தான் எனக்கு இந்தத் தொடரிலேயே மிகவும் பிடித்த பகுதி.

முதுவேனில் என்பது ஆனியும் ஆடியும். சமவெளியில் வகுத்த பெயர் அது. மலையில் அந்த மாதங்களில் தென்மேற்குக் காற்று ஓயாமல் வீச, மேகம் ஏரியின் மேல் படுத்துக்கொள்கிறது. ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. 2019 ஆடியில் எடுத்த படத்துக்குத்தான் மிகுதியாகப் பாடுபட்டேன். ஏழு படங்களை எடுத்து முடிக்க எனக்கு 20 நொடி ஆகும். அதற்குள் மூட்டம் ஒரு கரையை விழுங்கி மறுகரையை உமிழ்ந்துவிடுகிறது. முதல் படத்தில் இருக்கும் மரம் அதனோடு படிய வேண்டிய இரண்டாம் படத்தில் இருக்காது. மூட்டத்தின் ஓட்டத்தை எதிர்த்துத் திருப்பாமல், அது நகரும் திசையிலேயே கேமராவையும் திருப்பினால் வேறுபாடு குறைகிறது என்பதைப் பல சுற்றுகளுக்குப் பிறகு கண்டேன். மொத்தம் பதினொரு சுற்று எடுத்தேன். அவற்றுள் ஒட்டத் தகுந்தது ஒன்றே. அதிலும் முகட்டின் இடக்கோடியில் மூன்று பாறைகள் மட்டுமே தெரிந்தன. அந்த மூன்றின் மேல் புள்ளி வைத்து, மீதி ஆறு படங்களை முக்காலித் தலையின் தாள் வளையத்தில் குறித்த 25 பாகைக் கணக்கை நம்பியே அடுக்கினேன். அலுமினியப் பட்டைக்குப் பதில் பழைய ஒட்டுப்பலகையாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

அச்சுக்கு, கல்யாண ஆல்பத் தாளே பொருத்தமாக அமைந்தது. நம் ஊர் ஆய்வகங்களில் அன்றாடம் ஓடும் 12க்கு 36 அங்குலத் தாளில், 36 அங்குல அகலத்துக்கு என் படம் 9.4 அங்குல உயரம் கொள்கிறது. மேலும் கீழும் வெள்ளை விளிம்பு விட்டால் தனியாக எதையும் வெட்ட வேண்டியதில்லை. அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 10,800 பிக்சல் போதும். என்னிடம் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. பளபளப்பில்லாத தாளைக் கேட்டு வாங்கினேன். நீரின் மேல் இன்னொரு பளபளப்பு எதற்கு?

ஆறு கோப்புகளையும் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் ஆய்வகத்திலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். "சார், அஞ்சு ஃபைல் ஓடிருச்சு. கடைசி ஃபைல் மட்டும் மொத்தமா வெள்ளையா வருது. கரெக்‌ஷன் போட்டுக் கொஞ்சம் இழுத்துக் குடுக்கட்டுமா?" என்றார். அது ஆடி மாதத்துப் படம், இருக்கிறபடியே ஓட்டிவிடுங்கள் என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இடது ஓரத்துல மூணு புள்ளி தெரியுது, அழுக்கா சார்?" என்று கேட்டார். இல்லை, அவை பாறைகள் என்று சொன்னேன்.